ராணி அக்கா தேடிய மறுபாதி

அக்கா போன செய்தி எனக்கு ரயிலில் வந்தது. வேலை முடிந்து லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் ஏறி இல்ஃபோர்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். வண்டி சுரங்கத்தை விட்டு வெளியே வந்ததும் கைப்பேசி அடித்தது. அக்காவின் கணவர் நடேசன் அண்ணா. "பிள்ளை, அக்கா போயிட்டா" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், "பிரீசருக்குள்ள ஒண்டு கிடக்கு. அதை எப்ப வெளியில எடுக்கிறது எண்டு அவ சொல்லேல்லை" என்றார். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் நின்றபடியே அழுதேன். அழுதுகொண்டே, இன்னும் ஒரு வாரம் கிடக்கட்டும் அண்ணா என்றேன்.

பிரீசரில் கிடந்தது மீன் அல்ல. ஈரானில் ஏதோ ஒரு மலைச்சரிவில், ஆடு மேய்த்து இடம் மாறிக்கொண்டே இருந்த குடும்பமொன்று கம்பளி நூலில் முடிச்சுப் போட்டு நெய்த பழைய சிறு விரிப்பு. பழைய கம்பளி வீட்டுக்குள் வந்தால் அந்துப்பூச்சியின் முட்டையும் கூடவே வரும். அதனால் இவற்றைச் சேர்ப்பவர்கள் புதிதாக வாங்கியதை நேரே கூடத்துக்குக் கொண்டுபோக மாட்டார்கள். பிளாஸ்டிக்கில் சுற்றிச் சில வாரம் பிரீசரில் போட்டுவிடுவார்கள். கோலியர்ஸ் வுட்டில் அக்கா வீட்டுக் கராஜில் இருந்த நீளமான பிரீசர், நடேசன் அண்ணாவின் நண்டுக்கும் இறாலுக்கும் என்று வாங்கியது. "நண்டுக்கு இடமில்லை, ஈரான்காரருக்கு இடமிருக்கு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். அக்கா ஒரு பொட்டலத்தோடு வந்து நின்றால் அவரே எழுந்து போய் நண்டை எடுத்து வெளியே வைப்பார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சிடும் நினைவு மலருக்கு நாலு வார்த்தை எழுதித் தரும்படி அவர்தான் கேட்டார். எனக்கு நல்ல வார்த்தை எதுவும் வரவில்லை, கோபம்தான் வருகிறது என்றேன். அப்படியென்றால் கோபத்தை எழுதச் சொன்னார். கோபத்துக்குக் காரணமானவரின் பேரையும் எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதுங்கோ. அவர் வாசிக்கிறவர்தானே" என்றார். கோபம் ஆறட்டும், நிதானமாக எழுதலாமே என்று சிலர் எனக்குப் புத்தி சொன்னார்கள். ஆறின கஞ்சி பழங்கஞ்சி. டூட்டிங் மருந்துக்கடையில் வெள்ளைக் கோட்டுப் போட்ட பார்மசிஸ்டாக மட்டுமே அக்காவை அறிந்தவர்களும், "ராணிக்கு ஏன் உந்த ஊத்தைப் பாயெல்லாம்" என்று துக்க வீட்டில் அந்தப் பாய்களின் மேலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தவர்களும் தயவுசெய்து இதைக் கடைசிவரை வாசியுங்கள்.

அக்காவை நான் சந்தித்ததே ஒரு சண்டையில்தான். ஒரு தேவாலய மண்டபத்தில் பழைய சாமான் விற்றுக்கொண்டிருந்தார்கள். மேசைக்கடியில் கிடந்த ஒரு சிவப்பு விரிப்பின் ஒரு முனையை நானும் மறுமுனையை ஒரு பெண்மணியும் ஒரே நேரத்தில் பிடித்துவிட்டோம். அவர் என்னை வடஇந்தியப் பெண் என்று நினைத்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற கணவரிடம், "இவளுக்கு என்ன தெரியும், கலரைப் பாத்துத் தூக்குறாள்" என்றார். ஆமாங்க, கலரைப் பார்த்துதான் தூக்கினேன், நீங்க விடுங்க என்றேன். அவர் முகம் மாறவில்லை. தன் முனையைத் திருப்பிப் போட்டு விரிப்பின் பின்பக்கத்தைக் காட்டினார். சிவப்பு முன்பக்கத்தில் மட்டும்தான் இருந்தது. பின்பக்கம் வெளுத்த ரோஜா நிறம். யாரோ அண்மையில் மேலே சாயம் பூசி விற்றிருக்கிறார்கள். நான் கையை எடுத்துவிட்டேன். அவரும் எடுத்துவிட்டார். எதற்காக அதைப் பிடித்தீர்கள் என்று கேட்டதற்கு, வேறு யாரும் ஏமாந்து வாங்கிவிடக் கூடாது என்று மேசைக்கடியில் இன்னும் உள்ளே தள்ளத்தான் என்றார்.

"முகத்தைப் பாக்காதையும், முதுகைப் பாரும்" என்பது அக்கா அடிக்கடி சொல்வது. முடிச்சு, நூலின் முறுக்கு, நெய்தவளின் அவசரம், எல்லாம் பின்பக்கத்தில்தான் தெரியும் என்பார். மனிதர்கள் விஷயத்தில் இந்தப் புத்தியை அவர் ஒருநாளும் பயன்படுத்தவில்லை. யார் சிரித்தாலும் நம்பினார். அக்காவின் மீதும் எனக்குக் கோபம் உண்டு, அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இனி அந்தப் பை. கழுதையின் முதுகில் குறுக்காகப் போட்டால் இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாகத் தொங்கும் இரட்டைப் பைகளைக் குர்து இனப் பெண்கள் நெய்தார்கள். இரண்டும் ஒரே தறியில் ஒரே நீளமாக இறங்கியவை. முதல் பையின் முகம், நடுவில் இரண்டின் முதுகு, பிறகு இரண்டாவது பையின் முகம். கழுதைகளின் காலம் போனபின் இவை கடைகளுக்கு வந்தன. ஒன்றாக விற்பதைவிட இரண்டாக விற்றால் லாபம் என்று கண்ட கடைக்காரர்கள் நடுவில் கத்தியை வைத்தார்கள். முதுகைத் தூக்கி எறிந்துவிட்டு முகங்களைத் தனித்தனியே விற்றார்கள். "கறிக்கடை வேலை" என்பார் அக்கா. அவரிடம் அப்படி ஒரு பாதி இருந்தது. ஓரமெல்லாம் கொக்கி முளைத்த சாய்சதுரங்கள், வரிசை வரிசையாக. ஒவ்வொரு நிறமும் ஒரு மூலையில் தொடங்கிச் சாய்வாக ஏறி மறுமூலைக்குப் போகும். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம். மேல் வரிசையை நெருங்கும்போது நீலம் பாதிச் சதுரத்தில் நின்றுவிடும். மீதியை அந்தப் பெண் ஆட்டின் இயற்கையான பழுப்பு மயிரிலேயே முடித்திருக்கிறாள்.

எனக்கு அது ஒரு குறையாகத்தான் தெரிந்தது. அக்கா அதை ஒரு செய்தியாக வாசித்தார். நீலச் சாயம் ஊரூராக வரும் சாயக்காரனிடம் வாங்குவது, அவன் அந்தப் பருவம் வரவில்லை என்றால் இல்லைதான் என்று விளக்கினார். இந்தப் பாதி முடியும்போதே நீலம் தீர்ந்துவிட்டது. அப்படியானால் இதற்குப் பிறகு நெய்த மறுபாதியில் நீலமே இருக்காது. "இதே கொக்கி, இதே சதுரம். ஆனா நீலம் வரவேண்டிய இடமெல்லாம் பழுப்பு. ஒரு பொட்டு நீலம் இராது, மீனா. எழுதி வையும்" என்றார். தான் பார்த்தே இராத ஒன்றை அவர் இப்படி நிறம் நிறமாக வர்ணித்தார். அதைத் தேடத் தொடங்கினார். ஏலப் படங்கள், சந்தைகள், கிழவர்கள் இறந்த வீடுகளைக் காலி செய்யும் விற்பனைகள் என்று அலைந்தார். கடையில் அவர் விடுமுறை எடுத்ததெல்லாம் இதற்காகத்தான்.

இந்தப் பையை வைத்து உருகியவர்களும் உண்டு. ஒரு தமிழ் விழாவில் அக்கா அதைக் காட்சிக்கு வைத்திருந்தபோது, மேடையில் பேசிய ஒருவர் பிரிந்த பாதியையும் பிரிந்த இனத்தையும் ஒன்றாக்கிக் குரல் தழுதழுத்தார். அரங்கம் கைதட்டியது. அக்கா எழுந்து, "தம்பி, இது பை. இதை வெட்டினவன் கடைக்காரன். எங்களை வெட்டினவங்களைப் பற்றிப் பேசோணுமெண்டால் நேர பேசுங்கோ. பையை இழுக்காதேங்கோ" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அக்காவின் கூடப்பிறந்த தம்பி ஒருவர் ஊரில் காணாமல் போனவர் என்பது அந்த அரங்கில் எனக்கும் நடேசன் அண்ணாவுக்கும்தான் தெரியும்.

எங்கள் குழுவைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாதத்தில் ஒரு ஞாயிறு, ஆளுக்கொரு விரிப்பைக் கொண்டுவந்து தரையில் விரித்துவைத்துப் பேசுவோம். பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள், சில ஈரானியர்கள், தமிழர் மூன்று பேர்: அக்கா, நான், வரதன். வரதன் சென்னைக்காரர், கட்டடப் பொறியாளர், நல்ல வசதி, நல்ல ரசனை, எல்லோருக்கும் முதலில் நாற்காலி எடுத்துப் போடுகிறவர். இந்தக் குழுவில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஒருவர் தாமாகக் கொண்டுவந்து காட்டும்வரை அவர் வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்கக் கூடாது. திருட்டுப் பயத்தில் தொடங்கிய வழக்கம். நாளடைவில் அது பெரிய நாகரிகம் ஆகிவிட்டது. அக்கா இந்தச் சட்டத்தை வேதம் மாதிரி மதித்தார். மறுபாதியைப் பற்றி எத்தனையோ முறை பேசினார், நீலமில்லாமல் இருக்கும் என்று அவர்கள் எல்லோர் முன்னாலும் சொன்னார். "எங்கையாவது கண்டால் சொல்லுங்கோ" என்றுதான் முடிப்பார். உங்களிடம் இருக்கிறதா என்று ஒருவரைக்கூடக் கேட்டதில்லை.

ஒருமுறை நான் ஒரு சிறிய பையின் முகத்தைக் கொண்டுபோய் விரித்தேன். அக்கா அன்று முழுவதும் பேசவில்லை. பிடிக்கவில்லையோ என்று நினைத்தேன். அடுத்த மாதம் அவர் ஒரு பொட்டலத்தைப் பிரித்து, என்னுடையதை மறுபடி விரிக்கச் சொல்லி, அதன் பக்கத்தில் வைத்தார். ஒரே முடிச்சு, ஒரே ஓரம், வெட்டுகூட ஒன்றோடொன்று பொருந்தியது. ஒரே கடைக்காரன் எங்கள் இருவருக்கும் ஆளுக்கொன்றை விற்றிருக்கிறான். எல்லோரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது அக்கா இரண்டையும் சேர்த்து மடித்து என் கையில் கொடுத்துவிட்டார். நான் மறுத்தேன், விலை பேசினேன், கோபித்துக்கொண்டேன். "சோடி பிரியக் கூடாது. ஆரிட்டை இருக்குதெண்டது ஒரு கதையில்லை" என்றார். வரதன் அன்று என் எதிரில்தான் நின்றார். அக்காவின் பெருந்தன்மையை ஆங்கிலத்தில் எல்லோருக்கும் எடுத்துச் சொல்லிப் பாராட்டியவரும் அவரே. இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அக்காவுக்கு நோய் வந்து மருத்துவமனையில் கிடந்தபோது வரதன் திராட்சை வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். நானும் இருந்தேன். அக்காவுக்குக் குரல் சரியாக வரவில்லை. என் கைப்பேசியை வாங்கித் தன் பையின் படத்தை எடுத்து அவரிடம் நீட்டினார். "நீங்கள் ஜெர்மனி, இத்தாலிச் சந்தைக்கெல்லாம் போறனீங்கள். எனக்கு இனி ஏலாது. ஒருக்கால் கண்ணால பாத்தால் போதும். வாங்கோணும் எண்டுகூட இல்லை" என்றார். வரதன் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். கண்ணில் பட்டால் கட்டாயம் சொல்கிறேன் அக்கா என்று சொல்லி, போர்வையைச் சரிசெய்துவிட்டு, திராட்சையைக் கழுவிக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். நல்ல மனிசன் என்று அக்கா என்னிடம் சொன்னார். நானும் ஆமா என்றேன்.

எரித்து வந்த அன்று பிற்பகல், வீட்டில் கூட்டம் குறைந்ததும், வரதன் நடேசன் அண்ணாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அக்காவின் பாதிப் பையைத் தனக்குத் தர முடியுமா என்று மெதுவாகக் கேட்டார். விலை எதுவானாலும் சரியாம். எதற்கு என்று நடேசன் அண்ணா கேட்டதும், கைப்பேசியைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினார். நான் தேநீர்த் தட்டோடு பின்னால் நின்றிருந்தேன். அவருடைய வரவேற்பறைச் சுவர். கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு பையின் முகம். அதே கொக்கி, அதே சாய்சதுரம், அதே சிவப்பு, அதே மஞ்சள், அதே பச்சை. நீலம் வரவேண்டிய இடமெல்லாம் பழுப்பு. ஒரு பொட்டு நீலம் இல்லை.

எப்போது வாங்கியது என்று கேட்டேன். அக்கா தன் பாதியைக் குழுவில் முதன்முதலில் விரிப்பதற்கும் முன்னாலேயே அது அவர் வீட்டில் இருந்திருக்கிறது. முதல் நாளே தெரிந்திருக்கிறது. அத்தனை ஆண்டும் கல்லுளிமங்கன் மாதிரி எதிரில் உட்கார்ந்து, அக்கா தேடுவதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்றேன். "நான் பொய் சொல்லலையே. உங்ககிட்ட இருக்கான்னு அவங்க ஒரு தடவைகூடக் கேக்கலையே" என்றார். சட்டப்படி கேட்கக் கூடாது, அதனால் அவர் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதால் இவர் சொல்லவில்லை. இப்படியும் ஒரு நாகரிகம். பிறகு தலையைக் குனிந்துகொண்டு இன்னொன்றும் சொன்னார். "சொல்லியிருந்தா அக்கா அவங்களோடதையும் எடுத்து எங்கிட்டயே குடுத்திருப்பாங்க. சும்மா வாங்கிக்க எனக்குக் கூச்சமா இருந்துச்சு."

கூச்சமாம். சாகக் கிடந்தவர் கையிலிருந்து படத்தை வாங்கிப் பெரிதாக்கிப் பார்க்கக் கூசவில்லை. அவர் வீட்டு மரணச் சோற்றைத் தின்றுவிட்டுக் கைகழுவிய ஈரத்தோடு விலை பேசக் கூசவில்லை. தட்டை அங்கேயே வைத்துவிட்டு வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன், அவற்றை இந்த மலரில் அச்சிட முடியாது. குழுவில் இன்னும் இருவர் அவர் வீட்டில் சாப்பிடப் போனபோது அந்தச் சுவரைப் பார்த்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அது எங்கள் வேலையில்லை என்று நினைத்தோம் என்றார்கள். அப்படியானால் எதுதான் உங்கள் வேலை? அக்கா விரும்பியது அந்தப் பாதி தன்னுடையதாக வேண்டும் என்பது அல்ல. தான் வாசித்தது சரிதானா என்று ஒருமுறை தெரிந்துகொள்ள விரும்பினார். சரிதான் அக்கா, நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி என்று சொல்ல உங்களில் ஒருவருக்கு வாய் இருந்திருந்தால் போதும். அது சரி என்று தெரியாமலே அவர் போய்விட்டார். இதற்கு நான் எவரையும் மன்னிப்பதாக இல்லை.

வரதன் இப்போதும் நடேசன் அண்ணாவுக்குத் தொலைபேசி எடுக்கிறார். அவருடைய வாதம் லேசானதல்ல. இரண்டு பாதியும் சேரவேண்டும் என்பதுதானே அக்காவின் ஆசை, நான் கேட்பதும் அதைத்தானே என்கிறார். ஜோடி பிரியக் கூடாது, யாரிடம் இருந்தால் என்ன என்று அக்கா சொன்னதை அவர் வாயாலேயே திருப்பிச் சொல்கிறார். அக்காவின் வார்த்தை அந்த வாயிலிருந்து வரும்போது எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. சென்ற வாரம் நடேசன் அண்ணா என்னை வீட்டுக்குக் கூப்பிட்டு, என்ன செய்யலாம் என்று கேட்டார். பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அக்கா இருந்திருந்தால் கொடுத்திருப்பார் அண்ணா என்றேன்.

"ஓம். அவ குடுத்திருப்பா" என்றார். "அவ குடுத்திருப்பா, தேத்தண்ணியும் போட்டுக் குடுத்திருப்பா. ஆனா மீனா, இந்த ஒரு விசயத்தில நான் நல்ல மனிசனா இருக்க விரும்பேல்லை." எழுந்து போய்ப் பையைச் சுவரிலிருந்து இறக்கி, வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். தன்னிடம் இருந்தால் என்றாவது ஒருநாள் மனம் இளகிக் கொடுத்துவிடக்கூடும் என்றும், நான் இளக மாட்டேன் என்று தனக்குத் தெரியும் என்றும் சொன்னார்.

எனவே அக்காவின் பாதி இப்போது இல்ஃபோர்டில் என் வீட்டில் இருக்கிறது. வரதன் இதை வாசிப்பார். மறுபாதியைக் கொண்டுவந்து நடேசன் அண்ணாவின் கையில் கொடுப்பதென்றால் கொடுக்கட்டும், அன்றைக்கே இரண்டையும் நானே தைத்துச் சேர்க்கிறேன். இது அவரிடம் போகாது. அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டவை பல. பின்பக்கத்தைப் பார்க்கும் பழக்கத்தை எடுத்துக்கொண்டேன். மேடையில் பேசுகிறவரை எழுந்து நிறுத்தும் துணிச்சலையும் எடுத்துக்கொண்டேன். நீலம் ஏன் தீர்ந்தது என்று கேட்கும் அந்தக் கேள்வியையும் எடுத்துக்கொண்டேன். அவருடைய பெருந்தன்மையை மட்டும் நான் எடுத்துக்கொள்ளவில்லை.